தரிப்பிடங்களே வழி: சந்நிதி முதல் கதிர்காமம் வரை

தூரப் பயணம் ஒன்றைப் பற்றிப் பேச்செழுந்தால், எத்தனை கிலோமீற்றர், எத்தனை மணித்தியாலம் என்ற வினாக்களே இக்காலத்தில் முதலில் எழுகின்றன. கால்நடையாகக் கதிர்காமம் செல்லும் அடியவர்க்கு இவ்விரண்டும் பொருட்டல்ல. இன்றிரவு எங்கே தரிப்பது, அங்கே நல்ல தண்ணீர் உண்டா என்பனவே அவர்தம் வினாக்கள். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலே வேலெடுத்துப் புறப்பட்டுக் கிழக்குக் கடலோரமாக நடந்து கதிர்காமத்தைச் சேர அவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை மாதம் செல்லும். அந்த ஒன்றரை மாதத்தில் அவர்கள் தங்கும் கோயில்களையும் மடங்களையும் கிணற்றடிகளையும் வரிசையாக எழுதினால், அதுவே கிழக்கிலங்கையின் வரலாறாகவும் பூகோளமாகவும் அமைந்துவிடும்.

வரும் இரண்டாம் தவணை விடுமுறையில் இவ்வழியை மோட்டார் சைக்கிளிற் சென்று காண்பதென நாம் மூவர் துணிந்துள்ளோம். எம்முடன் கற்பிக்கும் கணித ஆசிரியர் ஒருவர்; பல்கலைக்கழகத்திற் பயிலும் எம் மருமகன்; நாம். ஆளுக்கொரு வண்டி, இரவிலே கூடாரம். உகந்தைக்குச் சென்று மீளும் சுற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒருவழித் தூரம் ஏறக்குறைய 700 கிலோமீற்றர். இதற்கு நாம் ஒதுக்கியிருப்பது பத்து நாள்.

மருமகனுக்கு இக்கணக்குப் பிடிக்கவில்லை.

“மாமா, விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டா, அடுத்த நாள் பின்னேரம் கதிர்காமத்தில நிக்கலாம். பத்து நாள் என்னத்துக்கு?”

“நிக்கலாம் தம்பி. ஆனா வழியில என்ன கண்டனீ எண்டு உன்ர கொம்மா கேட்டா, பெற்றோல் செற்றைத் தவிர வேறை என்ன சொல்லப் போறாய்?”

அவன் சிரித்தான், ஆயினும் விட்டுக்கொடுக்கவில்லை. நாள்தோறும் மாலையில் எம் வீட்டு விறாந்தையில் நில அளவைத் திணைக்களத்தின் வரைபடத்தை விரித்து வைத்து நிகழ்த்திய வாதங்களின் பயனே இத்திட்டம். இளைஞரும் குடும்பத்தவரும் தத்தம் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ளக்கூடும் என்ற எண்ணத்தால் அதனை இங்கே எழுதுகின்றோம்.

காலமும் காற்றும்

கிழக்குக் கரைக்கு மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஐப்பசி தொடங்கித் தை வரையில் ஆறுகள் பெருகும். தாழ்ந்த தெருக்களில் வெள்ளம் ஏறும். கூடாரப் பயணத்துக்கு அக்காலம் ஏற்றதன்று. சித்திரை முதல் ஆவணி வரையில் வானம் தெளிந்திருக்கும். ஆனால் அதற்கும் ஒரு விலையுண்டு. மேற்கிலிருந்து மலைகளைக் கடந்து வறண்டு வரும் கச்சான் காற்று நண்பகலில் உதட்டை வெடிக்கச் செய்யும். குளங்கள் வற்றும், கிணறுகள் தாழும். ஆகவே எம் திட்டத்தின் முதல் விதி: காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டுப் பத்தரைக்குள் நிழல் சேர்தல்; பின்னர் மாலை மூன்றரை முதல் ஐந்தரை வரை ஓட்டம்; இருளில் வண்டி ஓட்டுவதில்லை. யானைக்கு அஞ்சியே இவ்விறுதி விதி. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

இரண்டாம் விதி: ஒரு நாளுக்கு 130 கிலோமீற்றருக்கு மேற்போவதில்லை. ஒரே ஒரு நாள் மட்டும் இவ்விதி தளரும். மூன்றாம் விதி: இரண்டு நாள்கள் வண்டிக்கும் எமக்கும் முழு ஓய்வு. திருகோணமலையில் ஒன்று, மட்டக்களப்பில் ஒன்று.

வண்டியும் சுமையும்

மூன்று வண்டிகளும் சாதாரணமானவை. நாள்தோறும் கல்லூரிக்கும் சந்தைக்கும் ஓடுபவை. நெடும்பயணத்துக்குப் பெரிய வண்டி வேண்டுமென்பது பலரின் எண்ணம். பழுதானால் எந்தச் சிறு பட்டினத்திலும் திருத்தக்கூடிய வண்டியே நெடும்பயணத்துக்கு ஏற்றது என்பது எம் எண்ணம். சுமையுடன் ஒரு லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடுமெனக் கொண்டால் ஒருவழிக்கு 17 அல்லது 18 லீற்றர் பெற்றோல் போதும். ஆயினும் வாகரைப் பகுதியிலும் பாணமைக்கு அப்பாலும் ஊர்கள் அருகியிருத்தலால், தாங்கி பாதி குறைந்தவுடன் நிரப்புவதென வைத்துள்ளோம்.

புறப்படுவதற்கு ஒரு கிழமை முன்னரே ரயர், பிரேக், செயின், பற்றறி ஆகியவற்றைக் கராஜிலே பார்த்துக்கொள்ளல் வேண்டும். கையில் இருக்கவேண்டியவை: ஸ்பனர் கட்டு, ஒரு பிளக், கிளச் வயர், ரியூப், ஒட்டுப்போடும் பொருள்கள், கைப்பம்பு. தலைக்கவசம், சாரதி அனுமதிப்பத்திரம், வாகன வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ் ஆகியவை சொல்லாமலே அமையும்.

சுமை விடயத்தில் எம் மருமகனே எமக்கு ஆசிரியன். பாரமான பொருளைப் பின்சில்லுக்கு மேலே உயர்த்திக் கட்டினால் வண்டி வளைவில் ஆடும்; இருபுறமும் தாழ்த்திச் சமனாகக் கட்டினால் ஆடாது என்பதைக் கல் நிரப்பிய பைகளைக் கட்டி ஓட்டிக் காட்டினான். மூவர்க்கும் பொதுவாக ஒரு கூடாரம், நிலத்தில் விரிக்க ஒரு படங்கு, நுளம்புவலை, கயிறு, ரோச் லைற், சிறிய அடுப்பு, ஒரு பானை, மூன்று கோப்பை. ஆளுக்கு ஐந்து லீற்றர் தண்ணீர். கதிர்காம வழி என்பதால் மரக்கறி உணவே. அது சமையலையும் எளிதாக்குகின்றது. அரிசி, பருப்பு, பொரிமா, பனங்கட்டி, எலுமிச்சங்காய். அடுப்பு மூட்ட முடியாத இடத்தில் பொரிமாவும் பனங்கட்டியும் ஒருவேளைப் பசியைத் தாங்கும்.

முதல் தரிப்பு

சந்நிதியை அன்னதானக் கந்தன் என்பர். அங்குள்ள மடமொன்றில் உண்டு புறப்பட்டுக் கொடிகாமத்தில் ஏ-9 வீதியை அடைந்து, ஆனையிறவைக் கடந்து, பரந்தனில் கிழக்கே திரும்பினால், அங்கிருந்து முல்லைத்தீவு 52 கிலோமீற்றர். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று செல்லும் அவ்வழி முள்ளிவாய்க்காலை ஊடறுத்து வட்டுவாகற் பாலத்தை அடையும். ஒரு பக்கம் நந்திக்கடல். மறு பக்கம் பெருங்கடல். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்த ஒடுங்கிய நிலத்திலே நிகழ்ந்தவற்றை இந்நாட்டுத் தமிழர்க்கு நாம் எடுத்துக்கூற வேண்டியதில்லை.

எம் கணித ஆசிரியர் முல்லைத்தீவுப் பக்கத்தவர். தந்தையாரை அவ்வாண்டிலே அங்கு இழந்தவர். பின்னர்த் தாயாருடன் யாழ்ப்பாணத்திற் குடியேறினார். அதன்பின் அப்பாலத்தை அவர் மிதித்ததில்லை. வரைபடத்தில் நாம் பென்சிலால் அவ்வழியைக் குறித்தபோது அவர் மெல்லக் கூறினார்:

“அந்தப் பக்கம் வேண்டாம் அண்ணை. நேரை வவுனியாவால போவம்.”

நாம் மறுவார்த்தை கூறாது கோட்டை அழித்து, ஏ-9 வழியே புதுக் கோடு வரைந்தோம். ஏறக்குறைய இரண்டு கிழமை அத்திட்டமே நின்றது. ஒருநாள் மாலை அவர் வந்து அமர்ந்து, தாமே பென்சிலை எடுத்துப் பரந்தனிலிருந்து கிழக்கே கோடு இழுத்தார்.

“அம்மாவிட்டைச் சொன்னனான், கதிர்காமம் போறம் எண்டு. வற்றாப்பளையில ஒரு பொங்கல் நேர்த்தி கிடக்காம். அந்த வருஷம் பங்கருக்குள்ள இருந்து நேர்ந்தவவாம், நான் உயிரோட மிஞ்ச வேணுமெண்டு. இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லேல்லை. அதைச் செய்துபோட்டுப் போவம் அண்ணை.”

மருமகன் அன்று முதல் இரண்டு நாட்பயணம் என்ற பேச்சை எடுக்கவில்லை. தாயாரை வாகனமொன்றில் அங்கே அழைத்து வருவது தன் பொறுப்பென்று எம் தங்கை ஏற்றுக்கொண்டாள். புதுப்பானையை வழியிற் சந்தையில் வாங்குவதென்றும், பச்சையரிசியும் பயறும் எம் வண்டியிலே செல்வதென்றும் முடிவாயிற்று. சுமைப் பட்டியலில் இரண்டு கிலோ கூடியது.

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலைப் பற்றி ஓர் ஐதீகம் உண்டு. மதுரையை எரித்த கண்ணகி இலங்கைக்கு வந்து ஒவ்வோர் இடமாகத் தங்கிச் சென்றாள் என்றும், பத்தாவதாகத் தங்கிய இடமாதலின் இது பத்தாப்பளை எனப்பட்டு வற்றாப்பளை ஆயிற்று என்றும் கூறுவர். வைகாசிப் பொங்கலின்போது இங்குக் கடல்நீரால் விளக்கெரிப்பது மரபு. ஊர் ஊராகத் தங்கி வந்த ஒரு பெண்ணின் நினைவிடத்தில் எம் முதல் இரவு அமைவது பொருத்தமே.

இப்பகுதியில் கூடாரம் அடிப்போர்க்கு ஓர் எச்சரிக்கை. கண்ணிவெடி இன்னும் முற்றாக அகற்றப்படாத இடங்கள் வடக்கில் உள. மக்கள் நடமாடும் கோயில் வீதி, பாடசாலை மைதானம் போன்ற இடங்களில், உரியவரிடம் உத்தரவு பெற்றே தங்குதல் வேண்டும். நிழல் நன்றாயிருக்கின்றது என்று பற்றைக்காட்டினுள் இறங்குதல் கூடாது.

கோணமலையும் கொட்டியாரமும்

இரண்டாம் நாளே நீண்ட நாள். ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரரை வணங்கி, நெடுங்கேணி, புளியங்குளம் வழியாக வவுனியா சேர்ந்து, அங்கிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைக்குச் செல்லல் வேண்டும். ஏறக்குறைய 180 கிலோமீற்றர். காடடர்ந்த வழியாதலால் மாலை நான்கு மணிக்குள் நகரை அடைவதெனக் குறித்துள்ளோம். நகருக்குச் சற்று முன்னே கன்னியா. ஏழு சிறு கிணறுகள், அவற்றுள் வெந்நீர், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு வெம்மை. இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக வாளால் ஊன்றித் தோற்றுவித்தவை என்பது கதை. நாள் முழுதும் வண்டியோட்டிய உடலுக்கு அந்நீரினும் நல்ல மருந்தில்லை.

திருகோணமலையில் பழைய மாணவர் ஒருவரின் வளவிலே இரண்டிரவு கூடாரம். மூன்றாம் நாள் முழுவதும் கோணேசர்க்கே உரியது. ஏழாம் நூற்றாண்டிலே சம்பந்தர் பதிகம் பாடிய தலம் இது. பழைய ஆலயத்தை 1622இல் போர்த்துக்கேயர் இடித்து அக்கற்களால் கோட்டை கட்டினர். இன்று பிரெட்றிக் கோட்டை எனப்படும் அதன் வாயிலில் இணைக்கயல் பொறித்த கல்லையும் தமிழெழுத்துகளையும் மாணவர் காணலாம். 1956ஆம் ஆண்டில் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கடலடியில் மூழ்கி இவ்வாலயத்தின் சிதைவுகளைக் கண்டு எழுதினர். விஞ்ஞானப் புனைகதையால் உலகப் புகழ் பெற்ற ஒருவர் நம் கோயிலின் தூணைக் கடலினடியிலே தேடினார் என்பது மருமகனுக்குப் புதுச் செய்தி. அன்றிரவே அவன் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

நான்காம் நாள் கிண்ணியா வழியாகத் தெற்கே. 2009 ஒக்ரோபரில் திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்துக்கு முன்னர் அங்கே ‘பாதை’யே இருந்தது. வண்டிகளையும் மனிதரையும் ஏற்றி நீரைக் கடக்கும் மிதவையை இந்நாட்டுத் தமிழர் பாதை என்றே அழைப்பர். திருகோணமலையிலிருந்து மட்டக்களப்பு வரையுள்ள ஏ-15 வீதி ஏறக்குறைய 130 கிலோமீற்றர். முன்னாளில் இவ்வழியில் பல துறைகளில் பாதைக்காகக் காத்திருந்தே கடக்க வேண்டியிருந்தது. காத்திருந்த இடங்களிலெல்லாம் தேநீர்க்கடையும் உரையாடலும் தோன்றின. இன்று பாலங்களால் நேரம் மிச்சம். அந்த மிச்சத்தை என்ன செய்வதென்பது பயணியின் கையில் உள்ளது.

நாம் அதனை மூதூரிலே செலவிடுவோம். இங்குள்ள கொட்டியாரக் குடாவில், புயலிற் பாய்மரம் முறிந்த ஆங்கிலக் கப்பலொன்று செப்பனிடுவதற்காக ஒதுங்கியது. அதிலிருந்த இளைஞன் றொபேட் நொக்ஸ் 1660இல் கண்டி மன்னனின் ஆட்களாற் சிறைப்பட்டான். 19 ஆண்டுகளின் பின் தப்பிச் சென்று, 1681இல் இலண்டனில் அவன் வெளியிட்ட நூல் பதினேழாம் நூற்றாண்டு இலங்கையின் அன்றாட வாழ்வை அறிய இன்றும் பயன்படுகின்றது. செப்பனிடச் சிறிது காலம் தரித்தவனைப் பத்தொன்பதாண்டு தரிக்க வைத்த ஊர் இது.

வெருகலும் மட்டக்களப்பும்

நான்காம் இரவு வெருகலில். மகாவலி கங்கையின் கிளையான வெருகலாற்றங்கரையில் சித்திர வேலாயுதர் கோயில் உளது. பாத யாத்திரிகர் தவறாது தங்குமிடம். ஆற்றிலே நீராட எவ்வளவு ஆசையிருப்பினும் ஊரவரைக் கேளாது இறங்குதல் ஆகாது, முதலைகள் உள. இப்பகுதியிலும் வாகரையிலும் கரையோர வேடர் வழிவந்தோர் தமிழ் பேசி வாழ்கின்றனர். வேடர் என்றால் மகியங்கனைக் காட்டிலே வில்லோடு திரிவோர் என்று மட்டும் படித்த மாணவர்க்கு இச்செய்தி கண்ணைத் திறக்கும்.

ஐந்தாம் நாள் மட்டக்களப்பு. கல்லடியில் நாம் முதலிற் செல்ல விரும்புவது சுவாமி விபுலாநந்தரின் சமாதிக்கு. 1892இல் காரைதீவிலே பிறந்து, விஞ்ஞானம் கற்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கி, மறைந்துபோன யாழைப் பற்றிப் பல்லாண்டு ஆராய்ந்து ‘யாழ் நூல்’ எழுதியவர். அந்நூல் அரங்கேறிய 1947ஆம் ஆண்டிலேயே அவர் காலமானார். கல்லடி உப்போடையில் அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலயத்தின் அயலிலே அவர் துயில்கின்றார். ஆசிரியத் தொழில் செய்யும் எவரும் அங்கே சில நிமிடம் வாய்மூடி நிற்றல் தகும்.

அடுத்த நாள் ஓய்வு. ஆனால் காலையில் ஒரு சிறு சுற்று. 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்தால் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர். கல் நந்தி எழுந்து புல்லுண்டு பறங்கித் தலைவனை அச்சுறுத்திய கதை வழங்குவது இங்கேதான். படுவான்கரை எருமைத் தயிரைச் சுவைத்துப் பார்க்காது திரும்புதல் குற்றமெனக் கணித ஆசிரியர் தீர்ப்பளித்துள்ளார்.

இரவில் கல்லடிப் பழைய பாலம். 1924இல் கட்டப்பட்டு, தேசாதிபதி மன்னிங்கின் மனைவியார் பெயரைத் தாங்கியது. 2013இல் அருகே புதுப்பாலம் வந்தது. கோடைக்காலப் பூரணை இரவுகளில் வாவியினடியிலிருந்து மெல்லிய இசை எழும் என்பர். தோணியிலிருந்து துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பது வழக்கம். பாடுவது மீனா, சிப்பியா என்று அறிஞர் வாதிட்டுள்ளனர். பூரணைக்கு மறுநாள் அங்கே இருக்கத்தக்கதாகவே புறப்படும் நாளைக் கணித்துள்ளோம். கேட்டால் பேறு; கேளாவிடினும் நிலவும் வாவியும் உண்டு.

உகந்தை

ஏழாம் நாள் ஏ-4 வீதியிலே தெற்கு நோக்கி. காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, காரைதீவு என்று ஊர்கள் நெருங்கி நிற்கும். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாலையில் மணிபோல மாறி மாறி வரும். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையெங்கும் வேற்றுமை பாராது வாரிச்சென்றது. கடலோரத்திலே வீடழிந்த வெற்று வளவுகளைக் கண்டால், அங்கே கூடாரம் அடிக்க நல்ல மணல் என்று எவரும் எண்ணலாகாது. அவை ஒருவருடைய வீட்டின் அத்திவாரங்கள்.

அன்றிரவு திருக்கோவிலில். கடலோரத்துச் சித்திர வேலாயுதர் கோயில் வீதியில் மணலில் தங்க வண்ணக்கரிடம் உத்தரவு கேட்டல் வேண்டும். கிழக்கிலே கோயில் நிர்வாகத் தலைவரை வண்ணக்கர் என்பர். அச்சொல்லை அறிந்து மரியாதையாகக் கேட்டால் பாதிக் காரியம் முடிந்ததாகும்.

எட்டாம் நாள் பொத்துவில், அறுகம்பை, பாணமை கடந்து உகந்தை. பாணமையில் தமிழரும் சிங்களவரும் கலந்து வாழ்கின்றனர். அதற்கப்பால் காடு. முருகன் கரையிறங்கிய இடம் என்று போற்றப்படும் உகந்தையில் கோயிலும், கடலலை மோதும் கரும்பாறைகளும், குன்றின்மேல் வள்ளியம்மன் சந்நிதியும், பாறைக் குழிகளில் நீர் நிற்கும் சுனைகளும் உள. இங்கே எம் வண்டிகளின் பெருமை முடிகின்றது. உகந்தையை அடுத்தே குமண தேசியப் பூங்கா. அதனுள் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியில்லை. ஆடிவேல் விழாவையொட்டிச் சில நாள்கள் மட்டும் வாயில் திறக்கப்படும்போது, குழந்தையை இடுப்பிலே சுமந்த தாயும் எழுபது வயது முதியவரும் அக்காட்டினூடே நடந்து கதிர்காமம் சேர்வர். அவர்களுக்குச் செல்லத்தக்க வழி, இயந்திரம் பூட்டிய எமக்கு அடைபட்டுள்ளது.

“அப்ப அடுத்த வருஷம் நடப்பம், மாமா” என்றான் மருமகன். இரண்டு நாளிற் கதிர்காமம் சேரத் துடித்தவனுடைய வாக்கு இது.

யானை வழி

ஒன்பதாம் நாள் பொத்துவிலுக்கு மீண்டு, லாகுகலை, சியம்பலாண்டுவை, மொனராகலை வழியாகப் புத்தலை சேர்தல். லாகுகலைக் குளத்திலே கோடையில் யானைகள் புல்மேயத் திரளும். தெருவிலிருந்தே காணலாம், இறங்கி நெருங்குதல் கூடாது. பத்தாம் நாள் காலை ஒன்பது மணிக்குப் பின்னரே புத்தலையிலிருந்து கதிர்காமத்துக்கு. ஏறக்குறைய 35 கிலோமீற்றர் கொண்ட அவ்வீதி யால வனத்தை ஊடறுத்துச் செல்கின்றது. வாகனங்களிலிருந்து பழமும் சோளமும் எறிந்து மனிதர் பழக்கியதால், சில யானைகள் தெருவிலே நின்று ‘வரி’ கேட்கின்றன. பேருந்துக்கு அது வேடிக்கை. மோட்டார் சைக்கிளுக்கு உயிராபத்து. எனவே தனித்துச் செல்லாது பேருந்தையோ லொறியையோ பின்தொடர்தல், யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்தித் திரும்ப ஆயத்தமாயிருத்தல், உணவுப் பொருளை மணம் வெளிவராது கட்டிவைத்தல் என்ற மூன்றையும் எழுதி எம் தங்கையிடம் கையொப்பமிட்டுக் கொடுத்துள்ளோம். “அண்ணை, நீங்கள் சொன்னபடி நடக்கிறதெண்டாத்தான் பெடியனை விடுவன்” என்பது அவள் விதித்த நிபந்தனை.

மொனராகலைப் பக்கத்திலே சிங்களம் வேண்டும். சில சொற்கள் போதும். அக்கா என்றால் அங்கும் அக்காதான். மல்லி என்றால் தம்பி. தண்ணீர் ‘வத்துர’. கேட்கும் முறையிலே பணிவிருந்தால் கிணற்றடி எந்த மொழியிலும் திறக்கும்.

கதிர்காமத்தைப் பற்றி நாம் புதிதாகக் கூற என்ன உளது! மாணிக்க கங்கையில் நீராடி, திரைக்குப் பின்னே உருவமின்றி உறையும் பெருமானை வணங்குவோம். சந்நிதியிலும், கிழக்கே மண்டூரிலும், இங்கும் பூசகர் வாயைத் துணியாற் கட்டியே பூசை செய்வர். வடமுனையில் கண்ட வழிபாட்டைத் தென்முனையிலும் காணும்போது, இடையிலுள்ள எழுநூறு கிலோமீற்றரும் ஒரே வீதியென்று விளங்கும்.

தங்குவோர் ஒழுக்கம்

இறுதியாக, கூடாரப் பயணம் செல்ல விரும்பும் மாணவர்க்குச் சில சொற்கள். வன, வனவிலங்குத் திணைக்களங்களின் நிலத்தில் முன்னனுமதியின்றித் தங்காதீர்கள். மாலை ஐந்து மணிக்குள் அதிபரையோ கிராம அலுவலரையோ கோயிற் பொறுப்பாளரையோ கண்டு உத்தரவு பெறுங்கள். இருண்ட பின் வந்து கேட்பவரை எவரும் ஐயுறுவர். வெள்ளி நண்பகலில் முஸ்லிம் ஊர்களில் கடைகள் பூட்டியிருக்கும். தொழுகை முடியும்வரை பொறுத்திருங்கள். கொண்டுசென்ற பிளாஸ்ரிக்கைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். கிணற்றடியில் நீரள்ளினால், அடுத்தவர்க்கும் ஒரு வாளி அள்ளி வைத்துவிட்டு நகருங்கள்.

போர்க்காலத்திலே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுள் பலர், ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உள்ள தெருப்பெயர்களை அறிவர். வெருகலையும் திருக்கோவிலையும் அறியார். அது அவர் குற்றமன்று. ஏ-9 வீதியே 2002இல் திறந்து, 2006இல் மூடி, 2009இல் மீண்டும் திறந்த வீதி. இன்று வழி திறந்துள்ளது. அதனை விரைந்து கடக்கவும் இயலும். தரித்துத் தரித்துச் செல்லவும் இயலும். விடுமுறையில் ஒரு வரைபடத்தை விரித்து, குடும்பத்தவர் எல்லோரும் சுற்றியமர்ந்து, தங்க விரும்பும் இடங்களை முதலிற் குறியுங்கள். கோடு பின்னர் இழுக்கலாம். எங்கே தங்கக்கூடாதென்று ஒருவர் சொல்கின்றாரோ, ஏன் என்று அவரை அவசரப்படுத்தாது காத்திருங்கள். செல்லவேண்டிய இடம் சிலவேளை அதுவாகவே இருக்கும்.